வாசல் வரை வந்த புள்ளி

விளக்கை அணைத்துவிட்ட கூடத்தில் அவள் கையிலிருக்கும் போன் மட்டும் ஒளிர்கிறது. சிறுத்தையின் கழுத்தில் வனத்துறைக்காரர்கள் கட்டிய பட்டை எங்கே போகிறதோ, அங்கே திரையில் சிவப்புப் புள்ளியும் போகும். காலையிலிருந்து ஓடைக்கு அப்பால் அசையாமல் கிடந்த புள்ளி, இப்போது அந்தி சாயும் நேரத்தில் ஓடையைத் தாண்டி, வைக்கோல் போரைச் சுற்றி, நேராக இவர்கள் வீட்டைப் பார்த்து வருகிறது. கணவன் பெஞ்சை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறான். "மூச்சு காட்டாதடி," என்று அவள் மகளின் வாயைப் பொத்துகிறாள். கொட்டகையில் ஆடுகள் விடாமல் கத்துகின்றன. புள்ளி வாசலில் வந்து நிற்கிறது. கதவு தட்டப்படுகிறது.

"அண்ணி, நான்தான். எதுக்கு இந்நேரத்துல தாழ் போட்டிருக்கீங்க?"

கொழுந்தனின் குரல். கணவன் பெஞ்சை நகர்த்திக் கதவை அகலத் திறக்கிறான். கொழுந்தன் கையில் தோல்பட்டை தொங்குகிறது. அதில் சின்ன விளக்கு கண்சிமிட்டுகிறது.

"ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளுல மாட்டி அறுந்து கிடந்துச்சு. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"உன்னைப் பார்த்தா இவ்வளவு நேரம் நடுங்கினோம்?" என்று கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளி தூரத்தில் கிடக்கிறதென்று நம்பித்தான் பகலெல்லாம் மகளைத் தோட்டத்தில் விளையாட விட்டிருந்தாள். பட்டையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மயிரையும், கொழுந்தனின் முதுகுக்குப் பின்னால் இருண்டுவிட்ட முற்றத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "தம்பி, உள்ள வாங்க," என்று சொல்ல வாயெடுக்கிறாள். கொட்டகையில் ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்துவதை நிறுத்துகின்றன.