நாற்பதடியில் ஒரு கொக்கி

“ஏலே, கொக்கிய மாட்டுலே!”

தொண்டை வரைக்கும் வந்துவிட்ட சத்தத்தை மகாதேவன் அப்படியே விழுங்கினார். பரீட்சை வைக்கிறவர் அது முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. அங்கே நாற்பதடி உயரத்தில், ஆளைத் தூக்கி நிறுத்துகிற பூம் லிஃப்ட் வண்டியின் இரும்புக் கூடைக்குள் யஹ்யா நிற்கிறான். அவன் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி கூடையில் மாட்டாமல் சும்மா தொங்குகிறது.

இத்தனைக்கும் ஏறும்போது ஒழுங்காக மாட்டித்தான் இருந்தான். சாரலில் நனைந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகாதேவன் நிமிர்வதற்குள் இந்தக் கோலம். கூறுகெட்ட பயல்! குற்றாலத்துப் பக்கமிருந்து வருகிற காற்று ஒரு உலுக்கு உலுக்கினால் ஆள் வெளியே வந்து விழ எவ்வளவு நேரம் ஆகும்?

கொக்கி மாட்டாவிட்டால் ஃபெயில். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் யஹ்யாவுக்கு இது மூன்றாவது தடவை, கடைசித் தடவை. இதுவும் போனால் ஒரு வருசத்துக்கு அவன் பேரையே பதிய முடியாது.

கத்தாரில் அவன் மச்சான், அக்காள் புருசன், இந்த வேலைக்கென்று எடுத்து வைத்திருக்கும் விசாவோ இந்த மாசத்தோடு முடிகிறது. மச்சான் விசா எடுத்துவிட்டால் கடையநல்லூரில் அவன் தெருவில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் அப்புறம் அக்காள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

முதல் தடவை டயரைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். இரண்டாவது தடவை, கரண்ட் கம்பிக்குப் பதிலாகக் கட்டியிருந்த கயிற்றில் கூடையைக் கொண்டுபோய் மோதினான். இன்றைக்குக் கொக்கி.

சரி, ஆள் மக்கு என்று சொல்லலாமா என்றால் அதுவும் இல்லை. காலையில்தான் டீக்கடையில் வைத்து, கூடப் படிக்கிற ஜோஷ்வாவுக்கும் மணிமுத்துவுக்கும் வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தான். “டயரு, ஆயிலு, கொக்கி. உசுரே போனாலும் மேல வச்சு கொக்கியக் கழட்டப்படாது, கேட்டியளா?” அந்த ரெண்டு பேரும் பத்தரை மணிக்கெல்லாம் பாஸாகி, அந்தாக்கில வீட்டுக்குப் போன் போட்டுக் கூத்தடிக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவன் மேலே போனதும் கோட்டை விடுகிறான்.

பயம், வேறென்ன? பாவம், பயத்தில் கை கால் ஓடாமல் நிற்கிறான்.

கேட்டுக்கு வெளியே அவன் பெண்டாட்டி முஹ்ஸினா குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் நாலு வயசு மகள். போன வருசம் யஹ்யா சவுதியிலிருந்து வந்து இறங்கியபோது, யாரோ என்று நினைத்து அலறிய பிள்ளை அது. இப்போது கூடையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறது.

காலையில் மகாதேவன் உள்ளே வரும்போதே முஹ்ஸினா வழிமறித்தாள். “நீங்க ஒரு சின்னத் தப்பக்கூட விடமாட்டியளாமே, நெசந்தானா சார்?” என்று கேட்டாள். “பொட்டல்புதூர் தர்காவுல நேர்ச்ச வச்சிருக்கோம் சார்” என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் முக்காட்டை வாயில் வைத்து அழுதுவிட்டாள்.

அந்த அழுகைதான் மகாதேவனைப் போட்டு அறுத்தது. பதினெட்டு வருசமாக ஒருத்தனுக்கும் பொய்யாக ‘சரி’ போட்டதில்லை. அவர் தம்பியின் மகனையே ஃபெயிலாக்கி அனுப்பியவர். அந்தக் கையில்தான் இன்றைக்கும் மார்க் போடுகிற டேப்லெட் இருக்கிறது. என் கையாலயா இந்தக் குடும்பம் கெடணும் கடவுளே?

ஒரு தடவை தொட்டால் தொட்டதுதான், மாற்ற முடியாது. அடுத்த நிமிசமே கத்தார் கம்பெனிக்குத் தகவல் போய்விடும். சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே அவரைத் தவிர மேலே பார்க்கிற ஆள் யாரும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு, கொக்கி என்ற வரிக்கு நேரே ‘சரி’யைத் தொட்டார்.

கூடை இறங்கியது. யஹ்யாவின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. “சார், கொக்கி மாட்டாம நின்னேன். பாத்தியள்லா?” என்றான்.

“கண்ணாடி பூரா சாரல். எனக்கு மாட்டுன மாதிரிதாம்லே தெரிஞ்சுது.”

“இல்ல சார், மாட்டல. நல்லாத் தெரியுமே சார், தொங்கிச்சே!”

“வாய மூடுலே, யார் காதுலயாவது விழப்போவுது. நீ பாஸு! அங்கன போயி இத மாதிரி கொக்கியக் கழட்டி வச்சியோ, கொன்னுருவேன்.”

யஹ்யா ஈரத் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். அவன் பையில் கிடந்த போன் அடித்தது. திரையில் மச்சான் பேர். எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தோசத்தில் பையனுக்குப் பேச்சு வரவில்லை என்று மகாதேவனுக்கும் கண் கலங்கிவிட்டது. தப்புப் பண்ணினாலும் ஒரு வீட்டில் விளக்கேற்றியாச்சு. ஐம்பத்தாறு வயசை மறந்து கேட்டுக்கு ஓடினார்.

“ஏம்மா, ஒன் நேர்ச்ச பலிச்சிட்டும்மா! யஹ்யா பாஸு!”

முஹ்ஸினாவின் கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்தது. மகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“ஐயோ சார்... இவுக ஃபெயிலாகணும்னுல்லா நேர்ந்திருந்தோம்!”