கோபமுள்ள முகம்

வீட்டுக் கதவுகள் வருவோரின் முகத்தைப் படித்து, கோபமுள்ளவர், கோபமற்றவர் என இருவகையாகப் பிரித்து, பின்னவருக்கு மட்டுமே திறந்த காலம் அது. திருப்பூரில் தணிகாசலத்தின் வீட்டிற்குப் பெண் பார்க்க வந்த மூவருள் பெற்றோர் இருவரையும் கதவு உடனே ஏற்றுக்கொண்டது. மாப்பிள்ளை செந்தூரனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. அவனுடைய புருவங்கள் இயல்பிலேயே நெரிந்தவை.

"சிரிடா," என்றார் உள்ளிருந்து அவன் தாய்.

"சிரிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்."

"இதுவா? பல்வலின்னு நெனச்சேன்."

இராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பெண்ணைப் பார்த்துச் சம்மதம் சொல்லாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பதில் தணிகாசலம் உறுதியாக இருந்தார். பொறுமையிழந்த அவர், செந்தூரனை அழைத்துவரத் தாமே வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் மூடிக்கொண்ட கதவு, அவருடைய முகத்தையும் ஆராய்ந்து, அவரையும் முதல் வகையிலேயே சேர்த்தது.

"உங்களையுமாங்க?" என்றான் செந்தூரன்.

"தெனமும் இதே கததானுங்க தம்பி."

சன்னலருகே பட்டுப்புடவையில் வந்து நின்ற அவருடைய மகள் மதுரவல்லி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க ஒருத்தரையே சமாளிக்க முடியல. இனி ரெண்டு பேரா?"

தணிகாசலம் வேறு வழியின்றிச் சன்னலைக் கைகாட்டினார்.

"இங்கிருந்தே பாத்துக்குங்க தம்பி. பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?"

செந்தூரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் விடை கூறுமுன் கதவு திறந்தது.