பொடி எழுத்து

டாக்டர் லீலாபாயின் அறைக்குள் நுழைந்ததுமே எலியா டையைச் சரிசெய்துகொண்டான்.

பக்கத்து நாற்காலியில் மருந்துக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் ராஜையா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு தாள். எலியா பேசப் பேச அவர் அதில் மதிப்பெண் போடுவார்.

தொண்ணூற்றாறு மே மாதம் அது. எர்ணாகுளத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருபத்தொரு நாள் பயிற்சி முடிந்திருந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததில் மூன்று பேரைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவனை மதியச் சோற்றுக்கு நடுவில் எழுப்பிக் கூட்டிப் போனதை எலியா பார்த்திருக்கிறான். அவன் தட்டில் மீன் அப்படியே இருந்தது.

பாறசாலையில் இன்று கடைசிப் பரீட்சை. தேறினால் மெடிக்கல் ரெப் வேலை உறுதி. தவறினால் நாளைக்கே சொந்த ஊரான கொல்லயிலில் பழைய டியூஷன் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அம்மா அதற்குள் கோயில் முற்றத்தில் எல்லோரிடமும் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியும் விட்டாள்.

டாக்டர் அவன் கழுத்து டையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"சொல்லு மோனே."

வழவழப்பான படஅட்டையைப் பிரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். வயிற்றுப்புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் புதிதாக வந்திருக்கும் மாத்திரை. குடல் சுவருக்குக் காவல்.

ரெப் பேசும்போது டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எதையாவது எழுதுவார்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?"

அட்டையில் பெரிய எழுத்தில் பதில் இருந்தது. எல்லோருக்கும் பாதுகாப்பானது. வகுப்பிலும் அதையே நூறு தடவை ஒப்பிக்க வைத்தார்கள்.

ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு மெல்லிய காகிதமும் உண்டு. எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்து. வகுப்பில் ஒருவரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. எலியா பார்த்தான். அறிவு ஆசையால் அல்ல, பயத்தால். எந்த டாக்டர் எதைக் கேட்பாரோ என்று, ரயிலில் வரும் வழியெல்லாம் அதை வரி பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தான்.

மேசைக்கு அடியில் ராஜையாவின் செருப்பு அவன் காலை அழுத்தியது.

அதன் அர்த்தம் அவனுக்கு விளங்கியது. அட்டையில் இருப்பதைச் சொன்னால் போதும், வேலை கிடைத்துவிடும். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"கொடுக்கக்கூடாது டாக்டர். கர்ப்பப்பை சுருங்கும்ணு போட்டிருக்கு."

ராஜையா சிரித்தார்.

"புதுப் பயலாக்கும் டாக்டரே. படிச்சது கொழம்பிப்போச்சு. ஒரு பயமும் வேண்டாம், தைரியமா கொடுக்கலாம்."

சொல்லிக்கொண்டே தாளில் எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். எலியா அதைக் கடைக்கண்ணால் பார்த்தான். எழுத்து தெரியவில்லை. கோடுகள் தெரிந்தன.

டாக்டர் கையை நீட்டினார். எலியா சாம்பிள் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய் மெதுவாகப் படித்தார். மின்விசிறி கடகடத்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று எலியா யோசித்துக்கொண்டிருந்தான்.

படித்து முடித்தவர் எலியாவைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ராஜையாவின் முன்னால் வைத்தார். அதே மாத்திரை.

"ராஜையா, உங்க மோளு ஷிஜா எத்தன நாளா இத தின்னுதா?"

ராஜையாவின் பேனா நின்றது.

"பத்து நாளு இருக்கும். நெஞ்செரிச்சல்ணு சொன்னா. நாந்தான் பேக்ல இருந்து எடுத்துக் கொடுத்தேன்." அவர் குரல் இறங்கியது. "ஏன் டாக்டரே?"

"காலத்த பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்தாவ. வயித்து வலி, ரத்தப்போக்கு. ஆறாம் மாசமில்லியா? உள்ள அறையில படுக்க வச்சிருக்கேன். இந்த அட்ட அவ பையில இருந்துது, அதான் மொதல்ல அந்தக் கேள்வி கேட்டேன். திருவனந்தபுரம் கொண்டுபோக கார் வந்துட்டிருக்கு. நீங்க ஒரு மணிக்கு இங்க வருவீங்கண்ணு தெரியும். வேற எங்க தேடுயது உங்கள?"

ராஜையா எழுந்தார். எழுந்தவர் உள் அறைப் பக்கம் போகவில்லை. மடியிலிருந்த தாள் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து எலியாவை விரட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்த முகம் இப்போது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் டாக்டரை விட்டு எலியாவின் பக்கம் திரும்பினார்.

"மக்கா, அதுல வேற என்ன எழுதியிருக்கு?"

குழந்தையைப் பற்றிய அடுத்த வரி எலியாவுக்குத் தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் தெரியும்.

"அதுக்கு மேல நான் படிக்கல்ல சார்" என்றான்.