ஏற்றத்தில் நின்ற வண்டி

"சார், பின் டயர்ல காத்து கம்மியா இருக்க மாதிரி தெரியுது. கொஞ்சம் இறங்கிப் பாருங்களேன்."

வீரபாண்டி சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்து சீட்டில் இருந்த அஜின் ஒன்றும் சந்தேகப்படவில்லை. கதவைத் திறந்து இறங்கி, காரின் பின்பக்கம் போனார்.

டயரில் காற்று சரியாகவே இருந்தது. காலையில் திருவனந்தபுரத்தை விட்டுப் புறப்படும்போது பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, நாலு டயருக்கும் பார்த்துப் பார்த்து அடித்தவன் வீரபாண்டியேதான்.

விதுரா தாண்டிப் பொன்முடிக்கு ஏறுகிற சாலை அது. காரின் மூக்கு மலையைப் பார்த்திருந்தது. பின்னால் செங்குத்தான இறக்கம். அது திரும்புகிற வளைவுக்குக் கீழே ஆறு. ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் நியூட்ரலில் கிடந்தது. ஹேண்ட்பிரேக் போடவில்லை. மொத்த வண்டியும் வீரபாண்டியின் வலது காலை நம்பி நின்றது.

காலை எடுத்தால் போதும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் இதே கார் பின்னோக்கி உருண்டு, அவன் தம்பி தாணுவைக் கொன்றது. தாணு திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஓட்டல் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை லீவில் பொன்முடி பார்க்கப் போனான், ரோட்டில் நின்றவன் மேல் கார் ஏறிவிட்டது என்று ஊருக்குத் தகவல் வந்தது. ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கியது தன் தவறு என்று அஜின் போலீசில் எழுதிக் கொடுத்தார். கேஸ் அபராதத்தோடு முடிந்துபோனது.

அப்போது வீரபாண்டி சவூதியில் டிரைவர். முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. தம்பிக்குக் கொள்ளி வைக்கக்கூட அவனால் வர முடியவில்லை.

வந்து சேர்ந்த பிறகு அவன் செய்த முதல் வேலை, அஜினைத் தேடிக் கண்டுபிடித்து டிரைவர் வேலை கேட்டதுதான். ஊரை மாற்றிச் சொன்னான். இன்றோடு நாலு மாதம்.

நாலு மாதமும், எங்கே நிறுத்தினாலும் அஜின் பாடம் நடத்துவார். "முதல்ல கால் பிரேக். பின்னே நியூட்ரல். பின்னே ஹேண்ட்பிரேக். காலை மெதுவா எடுத்து, வண்டி அதுல நிக்குதான்னு பாக்கணும், கேட்டீங்களா? அப்புறம்தான் பார்க்கிங் கியர். நேரா பார்க்கிங்ல போட்டா, பாரம் முழுசும் கியர்பாக்ஸுக்குள்ள ஒரு சின்னக் கொக்கி மேலயாக்கும் நிக்கும்."

கேட்கும்போதெல்லாம் வீரபாண்டிக்கு வயிறு எரியும். ஓர் உயிரை வாங்கிய பிறகு வந்த ஞானம்! இத்தனை தெரிந்தவர் ஸ்டியரிங்கை மட்டும் தொட மாட்டார். கேட்டால், "லைசென்ஸ் உண்டு, ஓட்டத்தான் வராது" என்று சிரிப்பார். நடிக்கிறான் பயந்தாங்கொள்ளி என்று வீரபாண்டி நினைத்துக்கொள்வான்.

இப்போது கண்ணாடியில் அஜின் குனிந்து டயரைத் தட்டிப் பார்ப்பது தெரிந்தது. யார் கையால் சாகிறோம் என்று தெரியாமல் அவர் சாகக் கூடாது. வீரபாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"தாணுவ ஞாபகம் இருக்கா சார்? நான் அவன் அண்ணன்!"

அஜின் நிமிர்ந்தார். ஓடவில்லை. ஓரமாக விலகக்கூட இல்லை.

"தெரியும். வேலை கேட்டு வந்த அன்னிக்கே தெரியும். அதே முகமல்லே?"

"வண்டி நியூட்ரல்ல நிக்கு. ஹேண்ட்பிரேக் போடல."

"அதுவும் தெரியுது. உங்க கால் பிரேக்ல இருக்கு, பின்னால சிவப்பு லைட் எரியுதே."

வீரபாண்டி காலை எடுக்கவில்லை. நாலு மாதமாக அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில் இந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் அலறிக்கொண்டு ஓடினார். ஒரு தடவைகூட இப்படி நின்றதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கையாலேயே அடித்துக் கொன்றால் ஆச்சு என்று இறங்கிப் போய், அஜினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"தெரிஞ்சும் எதுக்குய்யா வேலை குடுத்த?"

"ஒருநாள் நீங்க கேப்பீங்கன்னுதான்." அஜின் பிடியை விலக்கவில்லை. "அன்னிக்கு என் மோள், அஞ்சு வயசுக் குட்டி, பின் சீட்ல உறங்கிட்டிருந்தா. நான் அதோ அந்தக் கடையில தண்ணி வாங்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா வண்டி உருளுது. எல்லாரும் நின்னு கத்தினோம். தாணு மட்டும் ஓடிப்போயி, ஒரு கல்லைத் தூக்கி டயருக்கு அடியில குடுத்தான். வண்டி நின்னுச்சு. அவனுக்குத்தான் விலக நேரம் கிடைக்கல. மோள் இப்போ மூணாம் கிளாஸ் படிக்கறா."

பிடி இன்னும் இறுகியது. "நீ செஞ்ச தப்புக்கு என் தம்பி சாகணுமா?"

"நெஜத்தைச் சொல்லணும்னுதான் அவன் உடம்போட உங்க ஊருக்கு வந்தேன். உங்க அம்மா அவன் தலையை மடியில வச்சுட்டு அழுதிட்டிருந்தாங்க. எனக்கு வாய் வரல. தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். போலீஸ்லயும் அதையேதான் சொன்னேன்."

வீரபாண்டியின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

"என்ன நெஜம்?"

அஜின் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு ஓட்ட வராதுன்னு ஞாயித்துக்கிழமை லீவுல அவன்தான் வண்டி ஓட்ட வருவான். அன்னிக்கு ஹேண்ட்பிரேக் போடாம வண்டியை நிறுத்திட்டு இறங்கினது தாணுவாக்கும்."