இடப்பக்கம் இழுத்த விமானம்

“ஃபேனை அமத்துங்கப்பா! காத்தடிச்சா பிளேன் தடுமாறும்!”

மைக்கில் அறிவிப்பு வந்ததும், கம்பத்தின் அந்தக் கல்யாண மண்டபத்தில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆடி மாதம் மண்டபத்துக்கு முகூர்த்தம் கிடையாது. வெளியே பேயாக அடிக்கிற காற்றில் ஃபோம் விமானங்களைப் பறக்கவிடவும் வழி கிடையாது. இரண்டும் தோதாக அமைந்துவிட, மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

லிங்கேஸ்வரன் தன் விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். ஃபோம் ஷீட்டை வெட்டி, உள்ளே பொந்து விட்டு இறக்கை மடித்து, மோட்டார் வைத்து, எல்லாம் அவனே செய்தது. காலையிலிருந்து வரிசையாக ஜெயித்துக்கொண்டு வருகிறான். எப்படி ஜெயிக்கிறான் என்பதுதான் அவனுக்கே தெரியவில்லை.

“ஃபைனலுக்கு வந்துட்டீக. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீக?” என்றாள் மனைவி சுபாஸ்ரீ.

“குழப்பமா இருக்குடி. செஞ்ச புதுசுல நல்லாத்தான் பறந்துச்சு. அப்புறம் ரெண்டு வாரமா இடப்பக்கமே இழுத்துச்சு. மோட்டாரைத் திருப்பிப் பாத்தேன், வாலை வளைச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. நேத்து வெறுத்துப் போயி எல்லாத்தையும் பழையபடியே வச்சுட்டுப் படுத்துட்டேன். இன்னைக்கு என்னடான்னா நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகுது!”

“போனா நல்லதுதானே?”

“ஏன் சரியாச்சுன்னு தெரியலையே. அதே மாதிரி நடுவுல கெட்டுப் போச்சுன்னா?”

சுபாஸ்ரீ சற்றுத் தயங்கினாள். “எறக்கையில ஏதாச்சும்...”

“எறக்கையா? ரெண்டும் ஒரே அச்சுல வெட்டுனது. என் வெட்டுல பிசகே வராது. அதைத் தொட்டுப் பாக்கக்கூட வேண்டியதில்ல!”

அவள் ரிமோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கடைசி வரிசை நாற்காலியில் அவன் அம்மா சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான பிள்ளை ஃபோமும் பசையுமாகத் திரிவது அவளுக்கு ஆகவே ஆகாது. இன்றைக்குத் தோற்றால் திங்கட்கிழமையே திருப்பூருக்குப் போய் மாமாவின் கடையில் உட்கார வேண்டும். ஜெயித்தால் அவன் பெங்களூர் போட்டிக்குப் போகலாம், அதன்பிறகு அம்மா மூச்சுவிடக் கூடாது. சாமி படத்துக்கு முன்னால் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. அம்மா மகனுடைய துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்துவிட்டே கிளம்பி வந்திருந்தாள்.

“ஏலே, வெரசாப் பறக்கவிட்டு முடி. மாமா போனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காக!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

எதிரே உத்தமபாளையம் ஹக்கீம் ரிமோட்டோடு வந்து நின்றான். நண்பன்தான், ஆனால் போட்டியில் ஈவு இரக்கம் பார்க்க மாட்டான். ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் நீளமாக ஒரு காகித நாடா தொங்கும். எதிராளியின் நாடாவை யார் முதலில் வெட்டுகிறாரோ அவருக்கு வெற்றி.

“மாப்ள, ஒனக்கு இடப்பக்கம்தானே கண்டம்? அங்கனயே வாரேன்” என்று கண்ணடித்தான் ஹக்கீம்.

சொன்னபடியே வந்தான். லிங்கேஸ்வரனுக்குத் திருப்பூர்க் கடையும் மாமாவின் மீசையும் கண்முன்னே வந்து போயின. ரிமோட்டில் விரலை வலப்பக்கம் தள்ளினான். விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. சரவிளக்கைச் சுற்றிக்கொண்டு ஹக்கீமின் விமானத்துக்குப் பின்னால் போய், நாடாவைச் சரக்கென்று வெட்டிவிட்டது.

மண்டபமே கைதட்டியது. லிங்கேஸ்வரன் மட்டும் சந்தோஷப்படத் தோன்றாமல் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றான்.

“அப்படி என்னதான் மாப்ள பண்ணுன?” என்றான் ஹக்கீம்.

“அல்லா மேல சத்தியமாச் சொல்லணுமா, எங்க சாமி மேல சத்தியமாச் சொல்லணுமா? எனக்குத் தெரியலடா!”

சண்முகத்தாய் அவசரமாக எழுந்து வந்தாள். மகனைவிட அவள்தான் அதிகமாகக் குழம்பிப் போயிருந்தாள். “நெசமாவே நீதான் ஜெயிச்சியா? நடுவர்கிட்ட இன்னொருக்கா நல்லாக் கேட்டுப் பாரேன்.”

சுபாஸ்ரீக்கு இனியும் மறைக்க மனம் வரவில்லை. கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “திட்டாதீக. நீங்க ஜெயிக்கணும்னு வீரபாண்டி கோயில் திருநீறைப் பொட்டலம் கட்டி, இடது எறக்கைக்குள்ள நான்தான் ஒளிச்சு வச்சேன். ரெண்டு வாரம் இருக்கும்.”

“அடிப்பாவி! அதான் இழுத்துச்சா? ஒரு மொளகு எடை கூடுனாலே இதுக்குப் பாரம்டி! சரி, இன்னைக்கு எடுத்துட்டியா?”

“இல்லையே. அப்படியேதான் இருக்கு.”

அவன் இடது இறக்கையின் நுனியில் இருந்த டேப்பைப் பிரித்தான். திருநீற்றுப் பொட்டலம் வந்தது. அப்புறம் எப்படி நேராகப் பறந்தது? விமானத்தின் நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். அது இப்போது வலப்பக்கமாகச் சாய்ந்தது.

வலது இறக்கையின் டேப்பையும் பிரித்துத் தட்டினான். கறுப்புத் துணியில் முடிந்த எள்ளுப் பொட்டலம் ஒன்று கையில் விழுந்தது.

“இது நான் வைக்கலங்க!” என்று பதறினாள் சுபாஸ்ரீ.

சண்முகத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீ தோத்துப் போயி மாமா கடைக்குப் போகணும்னு குச்சனூர்ச் சனீஸ்வரன்கிட்ட வேண்டிக்கிட்டு, காலையில நீ குளிக்கப் போனப்ப நான்தானடா சொருகுனேன்!”