ஆறடிக்கு ஏத்த ட்ரக்

"நடுத்தர பிக்கப் ட்ரக்கே போதும், டார்லா. நாலு மூட்டைத் தீவனம்தானே ஏத்தப்போறேன்?" என்றான் ராண்டல், ஷோரூமில்.

"அதுல போய் இறங்கினா டெக்சாஸே சிரிக்கும். உன் ஆறடிக்குப் பெரிய ட்ரக்தான் எடுப்பா இருக்கும்!" என்றாள் மனைவி.

கல்யாணமானதிலிருந்து அவள் அவனைப் புகழ்ந்ததே இல்லை. உச்சி குளிர்ந்தவன், பழைய ட்ரக்கைக் கொடுத்துவிட்டுப் பெரியதையே வாங்கிவிட்டான்.

வீடு வந்து சேரும்போது வானம் இருண்டு, ஆலங்கட்டி விழத் தொடங்கியது. ஒரு வண்டி மட்டுமே நிற்கும் ஷெட்டுக்குள் அவசரமாக ட்ரக்கை விட்டான். பின்பக்கம் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஐயையோ, கதவு மூடலையே!"

"மூடாது. போன வாரமே அளந்து பார்த்துட்டேன்" என்ற டார்லா, வாசலில் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் நின்ற தன் குட்டிக் காரின் சாவியை எடுத்தாள். "உன் பழைய ட்ரக் உள்ளே தூங்கினப்பல்லாம் இதுதான் வெளியே நின்னு ஆலங்கட்டி அடி வாங்கிச்சு. ட்ரக்கை வெளியே எடு, ராண்டல். இனிமே என் கார் தூங்கட்டும்!"