தொடும் இடத்தில் மட்டும்

அடையாறு அலுவலகத்தின் மாடி ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் ஜுவேரியாவின் கணினித் திரைமேல் விழுகிறது. திரையில் அவள் வடிவமைத்த செயற்கை இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்தாக நிற்கிறது. காலையில் இரண்டும் தொடும் இடத்தில், அழுத்தம் எல்லை மீறியதைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அது நிஜமென்றால் கிண்ணம் விரிசல் விடும், அதை வார்க்கத் தயாராகிவிட்ட அச்சும் வீண். கணக்குக்காகப் பந்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்ததில் அதற்கு மூலைகள் முளைத்து, அவைதான் குத்துகின்றனவோ என்று தொடும் இடத்தில் மட்டும், இரு பக்கமும், கட்டங்களைப் பொடியாக்கினாள். இப்போது பச்சை. "அதான் பச்சையாயிடுச்சே, கெளம்பு" என்கிறான் பக்கத்து நாற்காலி நதீம். "புடிச்ச பதில் வந்தவொடனே நிறுத்துனா அது கணக்கு இல்லடா." "பின்ன இன்னாவாம்?" "ஆசை." பச்சை நிஜமென்றால் கட்டம் இன்னும் சிறுத்தாலும் மாறக் கூடாது. கட்டங்களை மேலும் பாதியாக்கிக் கணக்கை மறுபடி ஓட விடுகிறாள். கணினியின் விசிறி இரைகிறது. கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்கிறது. பையை மாட்டிய நதீம் போகாமல் நிற்கிறான். திரையில் நிறம் மெல்ல ஏறி நிலைக்கிறது. அதே பச்சை, அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். நாற்காலிக் காலைச் சுற்றி இவ்வளவு நேரம் பின்னியிருந்த தன் கால்களை அவள் பிரித்து, மேசைக்கடியில் நீளமாக நீட்டுகிறாள்.